அமெரிக்கக் கவுண்டி வாக்குச்சீட்டு: ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, கேள்விக்குப் பதில் சொல்வது வேறு

"கலிஃபோர்னியாவில் 950 டாலருக்குக் கீழே எதைத் திருடினாலும் கேஸே கிடையாதாம், அங்கே இருக்கிற அரசாங்கம் அப்படிச் சட்டம் போட்டுவிட்டதாம்" என்று ஒரு ஃபார்வர்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதில் இரண்டு தப்பு இருக்கிறது. 950 டாலர் வரைக்கும் திருடினால் அது சிறு குற்றம், ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. ஆகவே கேஸே கிடையாது என்பது கட்டுக்கதை. இரண்டாவது தப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்தச் சட்டத்தை அரசாங்கம் போடவே இல்லை. 2014 நவம்பர் தேர்தலில் வாக்காளர்களே வாக்குச்சீட்டில் 'ஆம்' என்று குறித்துக் கொண்டுவந்த சட்டம் அது. சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பும் இல்லை, கவர்னர் கையெழுத்தும் இல்லை. பத்து வருஷம் கழித்து, 2024 நவம்பரில், திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டி அதில் ஒரு பகுதியைத் திருப்பியதும் அதே வாக்காளர்கள்தான்.

அமெரிக்கத் தேர்தல் என்றால் நமக்கு அதிபர், இரண்டு கட்சி, வரைபடத்தில் சிவப்பும் நீலமும், அவ்வளவுதான். அங்கே ஒரு சாதாரண வாக்காளர் கையில் வைத்திருக்கும் சீட்டில் அதிபர் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக வேறு ஆட்கள், அப்புறம் கேள்விகள். இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் எல்லாரும் பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை உதாரணமாக வைத்து இதைப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி கொஞ்சம் மாறும். டெக்சாஸில் மாநில அளவில் மக்கள் மனுப் போட்டுச் சட்டம் கொண்டுவர வழியே கிடையாது. கலிஃபோர்னியாவில் அதுதான் வாழ்க்கை.

## முதலில், கவுண்டி என்பது என்ன

மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: மாவட்டத்துக்குக் கலெக்டரை அரசு அனுப்புகிறது, கவுண்டியை நடத்துபவர்களை அங்கே குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். அவற்றில் மக்கள்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ்தான் பெரியது, நாட்டிலேயே பெரியதும் அதுதான், சுமார் ஒரு கோடிப் பேர். அதற்குள்ளே 88 நகரங்கள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்த 88-ல் ஒன்று மட்டுமே, ஆகவே லாஸ் ஏஞ்சலஸ் மேயரும் கவுண்டியும் ஒன்றல்ல.

எந்த நகரத்திலும் சேராத இடங்களும் உண்டு. 2025 ஜனவரித் தீயில் எரிந்துபோன ஆல்டடீனா அப்படிப்பட்ட இடம்தான். அதற்கு மேயர் கிடையாது, நகர மன்றம் கிடையாது. கவுண்டிதான் உள்ளாட்சி.

கவுண்டியை நடத்துவது ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட ஒரு வாரியம். ஒருவர் சுமார் 20 லட்சம் பேருக்குப் பிரதிநிதி. வாரியத்தின் வருஷ பட்ஜெட் 4,500 கோடி டாலரைத் தாண்டும். ஆஸ்பத்திரி, சிறை, குழந்தைகள் நலம், வீடற்றோர் சேவை எல்லாம் இவர்கள் கையில். 'ஐந்து குட்டி ராஜாக்கள்' என்று அந்த ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள், சும்மா சொல்லவில்லை.

தேர்தலை நடத்துவதும் கவுண்டிதான். அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுக்க ஓட்டு எண்ணுகிற ஓர் அமைப்பு இல்லை. அதிபர் தேர்தல் ஓட்டைக்கூட உள்ளூர் தேர்தல் அலுவலகங்கள்தான் எண்ணுகின்றன, கலிஃபோர்னியாவில் அது கவுண்டியின் வேலை. வீட்டுக்கு வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்புவது, திரும்பி வந்த உறையில் கையெழுத்தைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த அலுவலகத்தில் நடக்கும்.

## அபார்ட்மென்ட் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

ஓர் அபார்ட்மென்ட் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். முதலில் செயலாளர், பொருளாளர் தேர்தல். இது ஆளைத் தேர்ந்தெடுப்பது. யார் வந்தாலும் அடுத்த வருஷம் மாற்றலாம், தினப்படி முடிவுகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து, "லிஃப்ட் மாற்ற வீட்டுக்கு 40,000 ரூபாய் வசூலிக்கலாமா?" என்று ஒரு தீர்மானம். "வாடகைக்கு இருப்பவர்களும் கமிட்டியில் நிற்கலாம் என்று பைலாவைத் திருத்தலாமா?" என்று இன்னொன்று. இங்கே யாரையும் நம்பி ஒப்படைக்கவில்லை, நாமே முடிவெடுக்கிறோம். பைலாவைத் திருத்தி முடித்தபின் புதுச் செயலாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி கூட்டம் கூட்டிக் கேட்க வேண்டும். அதோடு, செயலாளர் தேர்தலில் யாருக்கு ஓட்டு அதிகமோ அவர் ஜெயித்துவிடுவார், பைலாத் திருத்தத்துக்கோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று இருக்கும்.

கவுண்டி வாக்குச்சீட்டில் நடப்பது இதுவேதான். முதல் பாதியில் வேட்பாளர்கள், இரண்டாம் பாதியில் வாக்குச்சீட்டுக் கேள்விகள். வாக்குச்சீட்டுக் கேள்வி என்றால், ஒரு சட்டத்தையோ வரியையோ கடனையோ நேரடியாக வாக்காளரிடம் வைத்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று கேட்பது. கலிஃபோர்னியாவில் மாநிலம் முழுக்கக் கேட்கும் கேள்விக்கு எண் கொடுத்துப் பிராப்பசிஷன் என்பார்கள். கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் கேட்பதற்கு எழுத்து கொடுத்து மெஷர் என்பார்கள். மேரிலாந்து போன்ற இடங்களில் வெறுமனே கேள்வி 1, கேள்வி ஏ.

இதுவரைக்கும் பார்த்தது: சீட்டு ஒன்று, வேலை இரண்டு. ஆளுக்குப் போடும் ஓட்டு சில வருஷத்துக்கு. கேள்விக்குப் போடும் ஓட்டு பெரும்பாலும் யாராவது வந்து மறுபடி கேட்கும் வரைக்கும்.

## ஆட்கள்: கட்சிப் பெயரே இல்லாத வரிசை

நமக்குப் பழக்கம் சின்னம். இங்கே சின்னம் இல்லை. சரி, கட்சிப் பெயராவது இருக்குமா என்றால், மேல் வரிசையில் இருக்கும், கீழ் வரிசையில் இருக்காது.

அதிபர் வேட்பாளருக்குக் கட்சி போட்டிருக்கும். செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், மாநிலச் சட்டமன்றம் இவற்றுக்கும் போட்டிருக்கும், ஆனால் அங்கே இன்னொரு விசித்திரம். 2010-ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு விதிப்படி, முதல்கட்டத் தேர்தலில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. 2016-ல் கமலா ஹாரிஸ் செனட்டரானபோது எதிரே நின்ற லொரெட்டா சான்செஸும் அதே ஜனநாயகக் கட்சிதான். குடியரசுக் கட்சிக்காரர் பெயரே சீட்டில் இல்லை.

கவுண்டிப் பதவிகளுக்கு வந்தால் கட்சியே கிடையாது. சூப்பர்வைசர், ஷெரிஃப், சொத்து மதிப்பீட்டாளர், மாவட்ட அரசு வழக்கறிஞர், நீதிபதிகள் எல்லாரும் கட்சிப் பெயர் இல்லாமல்தான் சீட்டில் வருவார்கள். ஷெரிஃப் என்பவர் கவுண்டியின் போலீஸ் தலைவர், சிறைகளும் அவர் பொறுப்பு. மாவட்ட அரசு வழக்கறிஞர் யார்மேல் என்ன வழக்குப் போடுவது என்று முடிவெடுப்பவர். இவர்களை எல்லாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே நமக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான், எஸ்.பி. தேர்தலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

கட்சி இல்லாவிட்டால் வாக்காளர் எதைப் பார்ப்பார்? பெயருக்குக் கீழே மூன்று வார்த்தைக்கு மிகாமல் தொழில் போட்டிருக்கும். அவ்வளவுதான் சீட்டில் கிடைக்கும் தகவல். அதனால் அந்த மூன்று வார்த்தைக்கு நடக்கும் சண்டை சாமானியமானதல்ல. இருபது வருஷம் அரசியலில் ஊறியவருக்கும் 'சிறுதொழில் உரிமையாளர்' என்று போட்டுக்கொள்ள ஆசை வரும், அது பொய் என்று எதிராளி கோர்ட்டுக்குப் போவார். பெயர்கள் அகர வரிசையிலும் வராது. முதல் பெயருக்குச் சும்மாவே கொஞ்சம் ஓட்டு விழும் என்பதால் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு வரிசையை முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு குழப்பம்: "எங்கள் சூப்பர்வைசர் பெயர் நவம்பர் சீட்டில் இல்லையே?" கவுண்டிப் பதவிகளுக்கு முதல்கட்டத் தேர்தலிலேயே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. 2024-ல் தேர்தலுக்கு வந்த மூன்று சூப்பர்வைசர் இடங்களும் மார்ச்சிலேயே முடிந்துவிட்டன. நவம்பரில் மட்டும் ஓட்டுப் போட்டவர், 20 லட்சம் பேருக்கான பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எட்டு மாதம் முன்பே போய்விட்டது என்பதை அப்போதுதான் கவனித்திருப்பார். மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு நடந்தது வேறு. மார்ச்சில் 12 பேர் நின்றார்கள், யாருக்கும் பாதி கிடைக்கவில்லை, பதவியில் இருந்த ஜார்ஜ் கேஸ்கோனும் நேதன் ஹாக்மனும் நவம்பருக்குப் போனார்கள், ஹாக்மன் சுமார் 60 சதவீதத்தோடு ஜெயித்தார். அவர் 2022-ல் குடியரசுக் கட்சி வேட்பாளராக மாநிலப் பதவிக்கு நின்றவர். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான ஊரில் இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். அந்த வரியில் கட்சியே எழுதியிருக்காது என்பது பதிலில் ஒரு பகுதி.

அதே சீட்டில் ஆடம் ஷிஃப், ஸ்டீவ் கார்வி என்ற இரண்டு செனட் வேட்பாளர்களின் பெயரும் இரண்டு இடத்தில் வந்தது. அச்சுப் பிழை இல்லை. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனதால் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு ஒரு ஓட்டு, அடுத்த ஆறு வருஷத்துக்கு ஒரு ஓட்டு.

## கேள்விகள் எங்கிருந்து வருகின்றன

மூன்று வழி. ஒன்று, பதவியில் இருப்பவர்களே வைப்பது. கவுண்டி என்றால் சூப்பர்வைசர்கள் வாரியத்தில் ஓட்டெடுத்து ஒரு கேள்வியைச் சீட்டில் ஏற்றலாம். அவர்களாகவே செய்ய முடியாத சில காரியங்களுக்கு இப்படி மக்களிடம் வந்தே ஆக வேண்டும். புது வரியும் சாசனத் திருத்தமும் அந்த வகை. சாசனம் என்பது கவுண்டியின் அடிப்படை விதிப் புத்தகம், அதாவது அபார்ட்மென்டின் பைலா.

இரண்டாவது வழி மனு. கவுண்டி அளவில் ஒரு சட்டம் கொண்டுவர, கடைசிக் கவர்னர் தேர்தலில் அந்தக் கவுண்டியில் விழுந்த ஓட்டில் 10 சதவீதம் எண்ணிக்கைக்கு வாக்காளர் கையெழுத்து வேண்டும். மாநில அளவில் என்றால் சாதாரணச் சட்டத்துக்கு 5 சதவீதம், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8. 2024 தேர்தலுக்கு இது முறையே 5,46,651 மற்றும் 8,74,641 கையெழுத்து. சூப்பர்மார்க்கெட் வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு "ஒரு நிமிஷம் சார், வாடகையைக் குறைக்க ஒரு கையெழுத்து" என்று நிற்பவர்களில் பலர் கையெழுத்துக்கு இத்தனை டாலர் என்று கூலி வாங்குபவர்கள். தப்பில்லை, சட்டப்படிதான். ஆனால் 'மக்கள் கொண்டுவந்த சட்டம்' என்று சொல்லும்போது பணம் உள்ளவர்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்ததும் அதில் அடக்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024-ன் பிராப்பசிஷன் 34-ஐப் பாருங்கள். சீட்டில் படித்தால், சில மருத்துவ அமைப்புகள் மருந்துத் திட்டத்தில் வரும் வருமானத்தை நோயாளிகளுக்கே செலவழிக்க வேண்டும் என்பது போல இருக்கும், யார் வேண்டாம் என்பார்கள்? பெரும்பங்கு பணம் போட்டதோ வாடகைக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம். வாடகைக் கட்டுப்பாட்டுக்காக அதே தேர்தலில் பிராப்பசிஷன் 33-க்குப் பணம் கொடுத்த ஒரு மருத்துவ அமைப்பைக் குறிவைத்துத்தான் அந்த நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தன. 33 தோற்றது, 34 மயிரிழையில் ஜெயித்தது.

மூன்றாவது வழி, ஏற்கெனவே போட்ட சட்டத்தை மக்களிடம் கொண்டுவந்து நிறுத்துவது. இதற்கும் கையெழுத்துதான். இதில் ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

சுருக்கமாக: கேள்வி மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். எங்கிருந்து வந்தது என்பது வெறும் வம்பு இல்லை, எத்தனை சதவீதம் வேண்டும் என்பதே அதை வைத்து மாறும்.

## 75 வார்த்தையில் ஒரு வரி

கவுண்டிக் கேள்வி சீட்டில் 75 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. முழுச் சட்டம் பல பக்கம் இருக்கும், சீட்டில் வருவது அதன் சாறு, அதை எழுதுபவர்களுக்கோ அது ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. ஆகவே ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. நல்ல காரியங்கள் முதலில் வரும், பணம் கடைசியில் வரும்.

2024-ல் வீடற்றோர் சேவைக்காக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் வந்த மெஷர் ஏ அப்படித்தான் இருந்தது. குறைந்த விலை வீடுகள், வாடகை உதவி, மனநலச் சிகிச்சை, குழந்தைகள், முன்னாள் ராணுவத்தினர், முதியோர் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போய், கிட்டத்தட்ட மூச்சு வாங்கும் நேரத்தில், பழைய மெஷர் எச் வரியை நீக்கி அரை சென்ட் விற்பனை வரி, வாக்காளர்கள் நிறுத்தச் சொல்லும் வரைக்கும், வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வரும், ஏற்கலாமா என்று முடியும். தொகையையும் காலத்தையும் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்குமோ என்னவோ. நான் யாருக்காவது சொல்வதாக இருந்தால் கேள்வியைக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்வேன்.

அரை சென்ட் என்றால் ஒரு டாலருக்கு அரை சென்ட். பழைய வரி கால் சென்ட், அது போய் இது வருவதால் உண்மையில் கூடியது கால் சென்ட்தான். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 9.5 சதவீதமாக இருந்த விற்பனை வரி 2025 ஏப்ரல் 1 முதல் 9.75 ஆனது.

கடன் பத்திரக் கேள்விகள் இதைவிட நைச்சியமானவை. பாண்ட் என்பது கடன்: பள்ளிக் கட்டடத்துக்காக இப்போது பணம் வாங்கி, பல வருஷம் வட்டியோடு அடைப்பது. உள்ளூர் பாண்ட் என்றால் பெரும்பாலும் சொத்து வரியில் ஏற்றி அடைப்பார்கள். 'புது வரி இல்லை' என்று பிரசாரத்தில் சொன்னாலும் யாரோ கட்டத்தான் வேண்டும்.

## பாதிக்கு மேல் போதுமா, மூன்றில் இரண்டா

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "57 சதவீதம் பேர் ஆம் என்றார்களே, அப்புறம் எப்படித் தோற்றது?"

பொதுச் செலவுக்குப் போகும் வரிக்குப் பாதிக்கு மேல் போதும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று ஒதுக்கிய வரியை அரசு அமைப்பே சீட்டில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1978-ல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட பிராப்பசிஷன் 13-லிருந்து வரும் விதி இது. உள்ளூர் பாண்டுக்கும் பொதுவாக மூன்றில் இரண்டு, பள்ளிப் பாண்டுக்கு மட்டும் 2000-ல் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். 2024-ல் வீட்டு வசதி பாண்டுகளுக்கும் 55 போதும் என்று பிராப்பசிஷன் 5 கேட்டது, வாக்காளர்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

ஆனால் அதே ஒதுக்கப்பட்ட வரியை மக்கள் மனு மூலம் கொண்டுவந்தால்? 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை வைத்து, அதற்குப் பாதிக்கு மேல் போதும் என்று கீழமை நீதிமன்றங்கள் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டன.

வீடற்றோருக்கான வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் மெஷர் எச் சூப்பர்வைசர்கள் வைத்தது, மூன்றில் இரண்டு தேவை, சுமார் 69 சதவீதம் கிடைத்துத் தப்பியது. 2024-ல் அதன் இடத்துக்கு வந்த மெஷர் ஏ மனு வழியாக வந்தது, 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் ஜெயித்தது. அதே காரியத்துக்கான வரிதான், முன்னதைவிடப் பெரியதுகூட, சீட்டில் ஏறிய வாசல் மட்டும் வேறு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் உள்ளூர் வரிக் கேள்விகள் பலவும் ஏன் திடீரென்று மனுவாக வர ஆரம்பித்தன என்பதும் புரிந்துவிடும்.

சதவீதத்தைக் கணக்கிடுவது அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டவர்களை வைத்துத்தான். காலியாக விட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், காலியாக விட்டால் மற்ற ஓட்டு எதுவும் செல்லாமல் போகாது.

## 'ஆம்' என்றால் எதற்கு ஆம்

அந்தப் பொறி. ஒரு சட்டத்தை எதிர்த்து மனுப் போட்டு அதைச் சீட்டுக்குக் கொண்டுவந்தால், கேள்வி 'இந்தச் சட்டத்தை ரத்து செய்யலாமா?' என்று இருக்காது, 'இந்தச் சட்டம் இருக்கட்டுமா?' என்றுதான் இருக்கும். மனுப் போட்டவர்கள் 'இல்லை' என்று போடச் சொல்லிப் பிரசாரம் செய்ய வேண்டும். 2020-ல் பிராப்பசிஷன் 25 இப்படி வந்தது. பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் முறையை ஒழித்து மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது, ஜாமீன் தொழிலில் இருப்பவர்கள் கையெழுத்து திரட்டிச் சீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆம் என்றால் பண ஜாமீன் ஒழியும், இல்லை என்றால் தொடரும். 'இல்லை' ஜெயித்தது, அதாவது மனுப் போட்டவர்கள் ஜெயித்தார்கள்.

அப்புறம் எழுத்தும் எண்ணும். 2024-ன் மெஷர் ஏ வீடற்றோர் வரி. 2022-ன் மெஷர் ஏ-யோ, தகுந்த காரணம் இருந்தால் ஐந்தில் நான்கு சூப்பர்வைசர்கள் சேர்ந்து ஷெரிஃபை நீக்கலாமா என்ற கேள்வி. இரண்டும் ஒரே கவுண்டி! மாநில எண்களும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து தொடங்குவதால், 2000-ல் ஒரு பிராப்பசிஷன் 36 (போதைக் குற்றத்துக்குச் சிறைக்குப் பதில் சிகிச்சை), 2012-ல் ஒன்று (மூன்றாவது குற்றத்துக்கு ஆயுள் என்ற விதியைத் தளர்த்தியது), 2024-ல் ஒன்று (திருட்டுக்கும் போதைக்கும் தண்டனையைக் கூட்டியது). பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "36-க்கு ஆம் போடுங்கள்" என்று அனுப்புகிறவர் எதற்கு ஆள் சேர்க்கிறார் என்று அவருக்கே தெரியாது.

## ஆளும் கேள்வியும் ஒரே சீட்டில் மோதியபோது

அந்த 2022 நவம்பர் சீட்டு இன்னும் கொஞ்சம் பார்க்கத் தகுந்தது. ஷெரிஃப் அலெக்ஸ் வில்லனுவேவாவுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் வருஷக்கணக்காக ஆகவில்லை. மேற்பார்வைக் குழு கூப்பிட்டால் போகமாட்டார், விசாரணைக்கு ஒத்துழைக்கமாட்டார் என்பது அவர்கள் புகார். அவரோ, மக்கள் தேர்ந்தெடுத்த என்னைக் கேட்க நீங்கள் யார் என்றார். அவரையும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், இவர்களையும் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், யார் பெரியவர் என்று சாசனத்தில் தெளிவாக இல்லை.

ஆகவே வாக்காளர் கையில் இரண்டும் வந்தது. ஒரு இடத்தில் வில்லனுவேவாவா, ராபர்ட் லூனாவா? இன்னோர் இடத்தில், இனி எந்த ஷெரிஃபையும் வாரியம் நீக்கலாமா? வில்லனுவேவா தோற்றார், மெஷர் ஏ பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. பலர் இதை அவருக்கு விழுந்த இரட்டை அடியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவருக்கு எதிரான கோபத்தில் போட்ட 'ஆம்' அவரோடு போய்விடவில்லை. லூனாவுக்கும் அது பொருந்தும், அவருக்குப் பின் வருபவர்களுக்கும் பொருந்தும். வேண்டாதவரை மனதில் வைத்து விதிக்கு ஓட்டுப் போட்டால் வேண்டியவர் வந்தபிறகும் அந்த விதி அப்படியே இருக்கும்.

## மெஷர் ஜி, மெஷர் ஜே: காணாமல் போன ஒரு பக்கம்

1912-ல் சாசனம் வந்ததிலிருந்து சூப்பர்வைசர்கள் ஐந்து பேர்தான். 2024 நவம்பரில் மெஷர் ஜி அதை மாற்றக் கேட்டது: ஐந்தை ஒன்பதாக்குவது, கவுண்டி நிர்வாகத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர், ஒரு நெறிமுறை ஆணையம். வாரியத்தில் ஐந்தில் மூன்று பேர் ஆதரவோடு அவசரமாகவே சீட்டில் ஏறியது, பாதிக்குச் சற்று மேலே வாங்கி ஜெயித்தது. புதுத் தலைவருக்கான தேர்தல் 2028-ல், ஒன்பது இடங்கள் 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அப்புறம்.

2020-ல் இதே வாக்காளர்கள் மெஷர் ஜே என்று இன்னொரு சாசனத் திருத்தத்தை ஏற்றிருந்தார்கள். கவுண்டி தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய உள்ளூர் வருவாயில் குறைந்தது 10 சதவீதத்தைச் சமூகத் திட்டங்களுக்கும் சிறைக்கு மாற்றான வழிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அது. கோர்ட்டில் ஒருமுறை அடிபட்டு மேல்முறையீட்டில் பிழைத்து வந்தது.

2025 ஜூலையில்தான் தெரியவந்தது, மெஷர் ஜி தன்னையறியாமல் மெஷர் ஜே-யைத் துடைத்துவிட்டது என்று. 2020-ல் ஜெயித்த அந்த வரிகளைச் சாசனத்தின் அதிகாரபூர்வப் பிரதியில் யாரும் ஏற்றி வைக்கவில்லை. அந்தப் பழைய பிரதியை வைத்து மெஷர் ஜி எழுதப்பட்டது. பழைய பிரிவுக்குப் பதிலாக இந்தப் புதுப் பிரிவு என்று வாக்காளர்கள் ஆம் சொன்னபோது, புதுப் பிரிவில் மெஷர் ஜே இல்லை. 2028-ல் மெஷர் ஜி நடைமுறைக்கு வரும்போது அது போய்விடும் என்பதுதான் அப்போது தெரிந்த நிலைமை. கண்டுபிடித்தது அதிகாரிகள் இல்லை, முன்னாள் நகர மன்ற உறுப்பினர் ஒருவர்.

சாதாரணமாகச் சாசனத் திருத்தத்தின் முழு வாசகத்தைப் படித்தால் எது போகிறது, எது வருகிறது என்று அடித்தும் சேர்த்தும் காட்டியிருக்கும். இதில் அதைக் கருத்தாகப் படித்தவருக்கும் பயன் இருந்திருக்காது, பிரதியிலேயே ஏறாத வரியை யார் அடித்துக் காட்டுவது? சூப்பர்வைசர்கள் ஐந்து பேரும் ஒருமனதாக நினைத்தால்கூட அந்த வரிகளைத் தாங்களாகவே சாசனத்தில் திரும்ப எழுதிவிட முடியாது. சாசனத்தைத் திருத்த அங்கே வாக்காளர் சம்மதம் வேண்டும். இன்னொரு தேர்தல் வேண்டும், இன்னொரு எழுத்து, இன்னொரு 75 வார்த்தை.